சாமி ஆடுவதற்குக் காற்று தேவை

பிரபஞ்சத்தின் ஆதி ரகசியம் ஒரு நூலில் தொங்குகிறது. அந்த நூலைப் பாகூர் டெய்லர் ஒருவரிடம் ஓசியில் வாங்கினார் ஊசல் சித்தர்.

சித்தரின் பழைய பெயர் புகழ்வேந்தன். ஏரிக்கரையோரம் ஜெராக்ஸ் கடை வைத்து, ஓடாமல் மூடியவர். இப்போது அதே கடையில் அருள் ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வு நெருங்க நெருங்க, திருக்கனூரிலிருந்துகூட பஸ் மாறி வருகிறார்கள். எழுத்துத் தேர்விலேயே செய்முறைக் கேள்விகள் வந்துவிட்டன அல்லவா? அளவீட்டில் பிழை எங்கே, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று, சோதனையைச் செய்து பார்த்தவர்போல எழுத வேண்டும். செய்து பார்ப்பதைவிடச் சித்தரைப் பார்ப்பது சுலபம்.

தட்டில் சோதனைகளின் பெயர் எழுதிய அட்டைகளைப் பரப்புவார். நூலை இரு விரலால் பிடித்து, பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். எந்த அட்டைமேல் குண்டு ஆடுகிறதோ, அந்தச் சோதனைதான் தேர்வில் வரும். அடுத்து பேனாவுக்குத் திருநீறு. அதற்கடுத்து உண்டியல்.

போன வாரம் தனக்கொடியின் மகள் சுவேதாவுக்கு 'குவிலென்ஸ்' ஆடியது. மற்ற சோதனைக் குறிப்புகளையெல்லாம் அன்றே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் தாய். கண்டதைப் படித்தால் வாக்கு பலிக்காதாம். நாளை மறுநாள் தேர்வு. லென்ஸைத் தவிர வேறு எது வந்தாலும் சுவேதா வெள்ளைத்தாளைத்தான் நீட்ட வேண்டும். "பேனாவயாவது மந்திரிச்சிகினு வரலாம், வாடி" என்று தாய் மறுபடியும் இழுத்து வந்தாள்.

வரிசையில் முன்னால் அதே வகுப்பு மகாலட்சுமி.

"போன வாரம் உனுக்கு இன்னாடி வந்துச்சி?" என்றாள் சுவேதா.

"டையோடு."

சுவேதா தாயின் கையைச் சுரண்டினாள். "எம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர்தானே?"

"வாய மூடுடி. அது அவங்கவங்க ராசி."

ராசிவாரியாக வினாத்தாள் அச்சடிக்கும் தேர்வு வாரியம் இன்னும் அமையவில்லை. அமைந்தால் சித்தரே தலைவர்.

சுவேதாவின் முறை வந்தது.

"சாமி, ஒரு டவுட்டு. அருள் குண்டுல இருக்கா, உங்க வெரல்ல இருக்கா?"

"குண்டுலதான் தாயி. நான் வெறும் ஸ்டாண்டு."

"அப்ப நெஜ ஸ்டாண்டுல மாட்டிப் பாக்கலாமா?"

"காட்டுங்க சாமி!" என்றது கூட்டம். பக்தியில்தான். சித்தருக்குத்தான் வேர்த்தது.

இரண்டு ஸ்டூல், குறுக்கே ஒரு மரச்சட்டம், அதில் நூல். அடியில் லென்ஸ் அட்டையை வைத்தாள் சுவேதா. குண்டு லேசாக ஆடியது.

"ஆடுது! ஆடுது!" தனக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுவேதா போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

குண்டு நின்றது. டையோடு அட்டையை வைத்தாள். அசையவில்லை. தட்டிலிருந்த அத்தனை அட்டைகளையும் மாற்றி மாற்றி வைத்தாள். குண்டு மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்தே இல்லாம சாமி எப்டிம்மா மூச்சு வுடும்?" என்றார் சித்தர்.

"அப்ப அந்த பேனுக்கே மாலையப் போட்டுட்டுப் போறோம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், இத்தினி நாளா ஒன் வெரலுதான்யா ஆட்டினு இருந்துச்சி!" என்றது இன்னொன்று.

சிரிப்பு கிளம்பியது. உண்டியலைத் துண்டால் மூடினார் சித்தர். குண்டு ஆடுகிறதா என்று பார்க்கக் கண் போதும். நூலைப் பிடித்திருப்பது யார் என்று கேட்கத்தான் மூளை. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள், ஐயா. உண்டியலில் போட மூளையைக் கேட்பவர் யாருமில்லை.

தனக்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து பீரோ சாவியை நீட்டினாள். "இந்தா, எல்லாத்தியும் படி. ஏன்டி, நாளிக்கி ஒரு நாள் கெடக்குதே, ஒங்க பிசிக்ஸ் சாரக் கேட்டு லேபுல செஞ்சே பாத்துடேன்."

"லேபு பூட்டியே கெடக்கும்மா. மணிவண்ணன் சார் ஆளே காணோம்."

மணிவண்ணன் சார் வரிசையில்தான் நின்றிருந்தார், சுவேதாவுக்கு நாலு பேர் பின்னால். மந்திரிக்க, வகுப்புக்கே சேர்த்து ஒரு கட்டுப் பேனா வைத்திருந்தார்.