பெத்லகேமில் மேய்ந்த செவலை

பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டிக்கொடுப்பவர்கள் வாயால் சொல்லிக் காட்டிக்கொடுப்பார்கள். இல்லையென்றால் மொட்டைக் கடுதாசி போடுவார்கள். நான் படம் வரைந்து காட்டிக்கொடுத்தவள். அதுவும் கோவிலுக்குள், கிறிஸ்துமஸ் அன்று, பெரிய துரையின் கண்ணெதிரே, ஆறு முழ அகலத்தில்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் அப்போதும் இப்போதும் பத்து காஜா என்ற ஊருக்கும் கோப்பெங்குக்கும் நடுவிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. எங்கள் வீட்டின் பின்பக்கம் விறகு போட ஓர் அறை உண்டு. அதற்கு ஒரே ஜன்னல். கண்ணாடி கிடையாது; மரக் கதவைத் தூக்கி ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தால் திறந்து நிற்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அப்படித் திறந்து பார்த்தேன். சரிவில் புதுக்காடு, அதாவது இரண்டு வயது ரப்பர் கன்றுகள், வரிசை வரிசையாக. அதற்கப்பால் சுண்ணாம்பு மலை, பாதி உடைத்த கற்கண்டு மாதிரி வெயிலில் நின்றது. அன்று மாலையே விறகைத் தாழ்வாரத்துக்குத் துரத்திவிட்டேன். ரப்பர் கட்டும் பலகைப் பெட்டி ஒன்று மேஜையானது. உடைந்த ஏணி ஒன்று படம் சாய்த்து வைக்கும் சட்டமானது. (மழைக்காலத்தில் விறகு நனைந்து, அடுப்பு புகைந்து, நான் அழுதது வேறு கதை.)

ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஏழு வருஷம் படித்தவள் நான். அங்கே படம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், மனசில் இருப்பதைப் போடாதே, ஜன்னலில் தெரிவதைப் போடு என்பார். மற்ற பாடங்களையெல்லாம் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பத்துக் கட்டளையோடு சேர்த்துப் பதினொன்றாக வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தோட்டத்துக் கோவிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெத்லகேம் திரை வேண்டும் என்றார். பேரீச்ச மரம் நாலு, ஒட்டகம் இரண்டு போதுமாம். இரண்டையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உபதேசியார் சொல்லைத் தட்டலாமா என்று மூன்றாம் நாள் யோசித்தேன். நாலாம் நாள், நம் ஜனங்களுக்காகப் பிறக்கிற பாலகன் நம் ரப்பர் காட்டில் பிறந்தால் என்ன என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டுவதற்கு நாளாகுமே தவிர, கட்டிவிட்டால் என்னை நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

மாவு மூட்டைத் துணிகளைத் தைத்துக் கஞ்சி போட்டேன். சுண்ணாம்பு, துணிக்குப் போடும் நீலம், விளக்குக் கரி, செம்மண், இவைதான் வர்ணங்கள். மூட்டையில் அச்சடித்திருந்த கப்பல் மட்டும் எத்தனை பூச்சுப் பூசினாலும் வானத்தில் மிதந்தது. அது மேகம் என்று சொல்லிவிட்டேன். என் மகள் அப்போது ஐந்து மாதக் குழந்தை. அவள் தூங்குகிற நேரம்தான் எனக்கு வேலை நேரம். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, ஆட்டிக்கொண்டே வரைவேன். அந்த மலையின் ஓரம் அலை அலையாக இருப்பதற்கு அதுதான் காரணம். பார்த்தவர்கள் அதைக் கலை என்று நினைத்தார்கள்.

இப்போது பசுவுக்கு வரவேண்டும். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. டப்பாவில் வரும் தகரப் பால் கொடுத்தால் குழந்தை கக்கிவிடும். நாலாம் மாதத்தில் அவள் கையில் எடுத்தால் கோழிக்குஞ்சு கனம். மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கின் கீழ் விரலை வைத்து வைத்தே என் பகல் கழியும். பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். அந்தப் பாலைக் கொடுத்தவள் தோட்டத்தாட்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்த அருளாயி அக்கா. மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கிறவள். தினம் ஒரு செம்பு. ஒரே மாதத்தில் என் மகளுக்குத் தொடையில் மடிப்பு விழுந்தது. நான் அந்த மடிப்பை எண்ணி எண்ணித் தோத்திரம் சொல்வேன்.

அருளாயி அக்காவின் பசு செவலை. ஒரு கொம்பு ஒடிந்தது, இடது கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். புதுக்காட்டில் மாடு காலை வைத்தால் பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பத்து காஜா பட்டிக்குப் போய்விடும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். ஆற்றங்கரையில் மட்டும்தான் மேய்ச்சல். ஆனால் செவலைக்கு ஆற்றங்கரைப் புல் பிடிக்கவில்லை. விடியும் முன்பே புதுக்காட்டில் நிற்கும், என் ஜன்னலுக்கு நேர் எதிரே, மலைக்கு முன்னால், யாரோ பார்த்து நிறுத்தி வைத்த மாதிரி.

குடிலுக்கு ஒரு மாடு வேண்டும். ஜன்னலில் ஒரு மாடு தெரிகிறது. நான் என்ன செய்வேன்?

பயம் வராமல் இல்லை. இரண்டு தடவை சுண்ணாம்பு பூசி மாட்டை அழித்தேன். அழித்த இடத்தில் பெத்லகேம் செத்துக் கிடந்தது. பெத்லகேமில் துரைக்கு என்ன அதிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றாம் தடவையும் போட்டேன். ஒடிந்த கொம்பு, வெள்ளை வளையம் எல்லாம். போதாததற்கு, முன் வரிசைக் கன்றுகளின் நுனி கடிபட்டு மொட்டையாக நிற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். (அந்த மொட்டைகள் தத்ரூபமாக வந்திருந்தன. அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகவில்லை.)

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கன்றுகளைக் கடித்தது யார் என்று துரை ஆபீஸில் கேட்டபோது, என் வீட்டுக்காரர் மகளின் பால் செம்பை நினைத்து, மான் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். துரையும் அதை நம்பி, ஒரு வாரம் சாயங்காலந்தோறும் துப்பாக்கியோடு மான் வருகிறதா என்று புதர் மறைவில் உட்கார்ந்து, கொசுக்கடி வாங்கியிருக்கிறார். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. கொள்கையால் கெட்ட குடும்பம் எங்களுடையது.

கிறிஸ்துமஸ் அன்று ஜெபம் முடிந்ததும், வழக்கப்படி துரை வந்தார். மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அருளாயி அக்கா என் பக்கத்தில் நின்று, "எம் மாட்டுக்கு வந்த வாழ்வப் பாரு தங்கச்சி, சேசு பக்கத்துலயே நிக்கிது லா," என்று காதைக் கடித்தாள். துரை திரைக்கு முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. ரசிக்கிறார் என்று நினைத்தேன். குனிந்தும் பார்த்தார். வேலைப்பாட்டைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மகளை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, தலைமுடியைக்கூடச் சரி செய்துகொண்டேன்.

"இது யார் போட்டது?"

அவர் தமிழ் கற்றது ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில். அந்தத் தமிழில் எல்லாரும் 'நீ'தான். நான்தான், எங்கள் விறகறை ஜன்னலில் தெரிந்ததைப் போட்டேன் என்று முன்னால் போனேன்.

"இந்த மலை எனக்குத் தெரியும்," என்றார். "இந்த மாடு தெரியாது."

அவர் விரலால் மொட்டைக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் பழத்தட்டோடு நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"கிராணி. மான் எங்கே?"

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். உண்மையாகவே தேடினார் என்று இன்றும் சொல்கிறேன். வானத்துக் கப்பல் வரைக்கும் தேடினார்.

மாடு நாளைக்குப் பட்டிக்குப் போகும் என்றார் துரை. அருளாயி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இடுப்பில் இருந்த கனம் கோழிக்குஞ்சு கனம் அல்ல. அது என்னைப் பேச வைத்தது.

"இந்தப் புள்ள குடிக்கிறது அந்த மாட்டுப் பாலுதாங்க தொர. தகரப் பாலு ஒத்துக்கல, கக்கிடும். மாட்டப் பட்டிக்கு அனுப்புங்க, நான் கேக்கல. நாளைலேர்ந்து இதுக்கு எதக் கொடுக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. என் வீட்டுக்காரரை வேலையைவிட்டு நீக்கினால் எங்கே போவது, என் தம்பி ஈப்போவில் இடம் கொடுப்பானா, அவன் பெண்டாட்டி விடுவாளா என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் மூன்று வீடு மாறிவிட்டேன். துரை குழந்தையைப் பார்த்தார். தொடை மடிப்பையும் பார்த்திருப்பார்.

"நாளைக்குக் காலை வருவேன். ஜன்னல் காட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வந்தார். அருளாயி அக்கா மாட்டை ஆற்றங்கரையில் இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். எனக்கு அந்தத் தைரியம் போதும் என்று இருந்தது. விறகறைக்குள் குனிந்து நுழைந்து, ஏணியைச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு முன்னால் நின்றார் துரை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மலை தெரிந்தது. கன்றுகள் தெரிந்தன. நடுவில், அறுந்த இரண்டு கயிறும் கழுத்தில் தொங்க, செவலை நின்று ஒரு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"படம் சரி," என்றார். "வாய் மட்டும் இன்னும் பெரிசு."

இனி யோசித்தால் பயந்துவிடுவேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் பேசினேன். மாட்டை என் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டுக் கட்டிக்கொள்கிறோம். புல்லை நானும் அருளாயி அக்காவும் அறுத்துப் போடுகிறோம். இனி ஒரு கன்று கடிபட்டாலும் நான் பொறுப்பு. எங்கே கட்டுவாய் என்று கேட்டார். எங்கள் கொல்லையில் சமதரை ஒரே இடத்தில்தான் உண்டு. கையை நீட்டி ஜன்னலுக்குக் கீழே காட்டினேன். அவர் என்னைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, ஏணியைப் பார்த்து, "நல்லா யோசிச்சு சொல்லு," என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். வாழ்நாளில் யோசிக்காமல் நான் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

மூன்று நாளில் கொட்டகை எழும்பியது. அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்து முடித்த மறுநாள் காலை, குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டு, குச்சியை முட்டுக்கொடுத்து ஜன்னலைத் திறந்தேன். மலை இல்லை. புதுக்காடு இல்லை. கூரை ஓலை மேலே தொங்கியது. கீழே ஜன்னல் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, செவலையின் பின்பக்கம்.

மாட்டைத் திருப்பிக் கட்டலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முகம் இந்தப் பக்கம் இருந்தால் என் வர்ணத்தையெல்லாம் தின்றுவிடும் என்றேன். ஜன்னலில் தெரிவதைப் போடுவது என்று முடிவு செய்தவள் தெரிவதைத்தான் போடவேண்டும். போட்டேன். ஆறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரிப்போர்ட்டை என் வீட்டுக்காரர் திருத்தி எழுதினார். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் பாலுக்குப் பெயர் அன்றிலிருந்து மான் பால். காலையில் அருளாயி அக்கா செம்போடு வந்து, "கிராணியாரே, மான் கறந்தாச்சு," என்றுதான் குரல் கொடுப்பாள். எங்களுக்கு இரண்டாவதாகப் பிறந்த பையன் மானுக்கு ஒரு கொம்பு என்றே நம்பிக்கொண்டிருக்கிறான்.

மூத்தவள் இப்போது ஈப்போவில் என் தம்பி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை வரைக என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் ரயில், ஆறு, கோபுரம் என்று போட்டிருக்கிறார்கள். என் மகள் தாள் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஒரே ஒரு பெரிய உருண்டையைப் போட்டு, நடுவில் நேராக ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டாள். சூரிய அஸ்தமனமா என்று டீச்சர் ஆசையாகக் கேட்டாராம். இல்லை டீச்சர், இன்னும் கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கும், தள்ளி நில்லுங்கள் என்றாளாம்.