போரில் காணாமல் போன மாப்பிள்ளை

தன் முகம் எங்காவது பெரிதாக, நாலு பேர் பார்க்கும்படி வரவேண்டும் என்ற ஆசை இல்லாத மனிதன் கிடையாது. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அப்போது திருவனந்தபுரத்தில் கலைநிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்து ஓர் ஓபரா குழு வந்தது. (வசனமே கிடையாது, தண்ணீர் கேட்பதுகூடப் பாட்டுத்தான்.) உள்நாட்டுப் போரில் சிக்கிய ஒரு பெண்ணின் கதை. காணாமல் போன அவள் கணவனாகக் காட்ட, சாதாரண ஆள் ஒருவரின் புகைப்படம் வேண்டும் என்றார் இயக்குநர். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் படம் அவர் போனுக்குப் போய்விட்டது.

அத்தோடு நின்றிருக்கலாம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கரமனையிலிருந்து வித்யாவையும் அவள் அப்பா அம்மாவையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். படத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. (சர்ப்ரைஸாம்!)

விளக்கு அணைந்தது. குண்டுச் சத்தம். இடிந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண், சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்தபடி வந்தாள். பின்னால் திரையில் வீட்டுயரத்துக்கு என் முகம். அவள் அதைத் தடவினாள், முத்தமிட்டாள், மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். சிறுமி என் மூக்கைக் காட்டி "பப்பா!" என்று வீறிட்டாள். பாட்டின் அர்த்தம் திரையில் வரும் என்றிருந்தார்கள். திரை முழுக்க நான் இருந்ததால் அதற்கு இடமில்லை. எங்கள் வரிசைக்குப் புரிந்த ஒரே சொல் அந்தப் 'பப்பா'தான்.

வித்யாவின் அப்பா என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளே, அது நீங்கதானே? அல்லே?"

"ஆமா மாமா, ஆனா அது வந்து..."

"அந்தக் கொழந்தே?"

வித்யா சிறுமியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "மூக்கு அப்படியே இருக்குப்பா" என்றாள்.

"இது நாடகம் மாமா! ஃபோட்டோ மட்டும்தான் என்னோடது!"

"நாடகத்துக்கு யாராவது சொந்த ஃபோட்டோவைக் கொடுப்பாளா? கஷ்டம், கஷ்டம்!"

நான் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே ஓபரா முடிந்தது. பார்த்தால் மாமியைக் காணோம். மேடையேறி, அந்தப் பாடகியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கவலப்படாதே கொழந்தே. எங்காத்துப் பொண்ணுக்கு வேற வரன் பாத்துக்கறோம். இவனை உங்கிட்டயே விட்டுடறோம்!"

பாடகிக்குத் தமிழ் தெரியாது. தன் பாட்டில் உருகிவிட்ட ரசிகை என்று நினைத்து, மாமியைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. தட்டாமல் நின்றவர்கள் மூன்றே பேர்.

பிறகு இயக்குநர் வந்து கதையைச் சொன்னார். போதவில்லை. கடைசியில் சிறுமியின் நிஜ அப்பாவை, குழுவில் வயலின் வாசிப்பவரை, இழுத்துக்கொண்டு வந்தோம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் மூக்கை இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் என் கல்யாணம் மறுபடி நிச்சயமாயிற்று.

இன்றும் எங்கள் வீட்டில் அந்தப் பாடகிக்குப் பெயர் 'மூத்தவள்'. நான் வர நேரமானால், "மூத்தவ ஆத்துக்குப் போயிருப்பார்" என்பாள் வித்யா. குழந்தைகள் கூடச் சிரிப்பார்கள்.

மாமி மட்டும் சிரிக்கமாட்டாள். டிவியில் எந்த ஊர்ச் சண்டையைக் காட்டினாலும் என்னைக் கூப்பிடுவாள்.

"அவளும் அந்தக் கொழந்தையும் சௌக்கியமாத்தானே இருக்கா? ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கோ மாப்பிள்ளே."

"மாமி, அது வெறும் நாடகம்."

"இருக்கட்டுமே. கேட்டா என்ன?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனோடு வாசல்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். வேறென்ன செய்ய?