ஃபுல் கிரெயின் சத்தம்

ஆம்பூர்,
12.11.1986

அரக்கோணத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சத்தியநாதன் மாமாவுக்கு மருமகன் மோசஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மா சுகம், தங்கச்சி சுகம், நான் வேலை போய்ச் சுகம்.

'நான் சிபாரிசு பண்ணிச் சேர்த்த தோல் ஷெட்டு அது, முதலாளி காலில் விழுந்து மன்னிப்புக் கேள்' என்று எழுதியிருந்தீர்கள். விழமாட்டேன் மாமா. நடந்ததைக் கேளுங்கள். முதலாளி ராமமூர்த்தி ஜெர்மனியிலிருந்து சி.டி. பிளேயர் கொண்டுவந்தார். ஷெட்டு எலக்ட்ரீஷியன் நான்தானே, வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். இது எப்படிப் பாடுது என்று கேட்டார். அங்கேதான் வாயைக் கொடுத்தேன். தட்டில் பாட்டு இல்லை சார், வெறும் எண்கள், செகண்டுக்கு நாற்பத்துநாலாயிரம். ஒரு சிப் ஒவ்வொரு எண்ணையும் வோல்டேஜாக மாற்றும், அது படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக வரும், அப்புறம் ஃபில்டர் என்கிற இந்தப் பாகம் அந்த முனையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கும் என்றேன்.

"தேய்க்குதா?" முகம் மாறிடுச்சு. "டேய், தேய்ச்ச தோலு இன்னா வெலை, தேய்க்காத ஃபுல் கிரெயின் இன்னா வெலை? ஊனத்த மறைக்கத்தான் தேய்க்கிறது. என் பாட்டுல இன்னா ஊனம்? எடுத்துடு அத்த."

அது பாட்டைக் குறைக்கலை சார், பாட்டுலயே இல்லாத அதிர்வைத்தான் தள்ளுது, எடுத்தா ஸ்பீக்கருக்கு ஆகாதுன்னு மூணு தடவை சொன்னேன். "முப்பது வருஷமா தோல் பாக்கறேன், எனக்கே சொல்றியா?"ன்னாரு. எடுத்தேன்.

போன மாசக் கடைசி ஞாயிறு, தோல் வாங்க வந்த ஜெர்மன்காரருக்கு விருந்து. பாட்டு போட்டதும், "பாத்தியா, நல்லாத்தான் கீது"ன்னாரு. ஃபில்டர் இல்லாம வர்ற அந்த மேல்சத்தம் மனுஷக் காதுக்கு எட்டாது மாமா. அவரு அல்சேஷன் நாய்க்கு எட்டிச்சு. ஊளையிட்டுக்கினே மேஜைக்கடியில பூந்து துணிய இழுத்துது, பிரியாணி தேக்சா கவிழ்ந்து ஜெர்மன்காரர் மடியில. எல்லாரும் நாயைத் தொரத்தறப்ப ஸ்பீக்கர் புகைஞ்சுது. "இவன்தான் கழட்டினான்"னு முதலாளி விரலை நீட்டினாரு. ஷெட்டுல எவன் கை மெஷின்ல போனாலும் இதே விரல்தான், 'அவனே வுட்டுக்கினான்'. இவரு கால்லயா நான் விழணும்? நீங்களும் எனக்காகப் போய் நிக்காதீங்க.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். உங்க ஆஸ்துமாவை ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
மோசஸ்

பி.கு.: தபால்பெட்டிக்குப் போற வழியில, ஷெட்டுல தோல் காயவைக்கிற கெங்கம்மா மறிச்சாங்க. தோல் ஊறுற டிரம்மோட மோட்டார் ரெண்டு நாளா ஓடலையாம். "டிரம்மு சுத்தலன்னா நாப்பது பொம்பளைங்களுக்கு வேலை இல்ல. உன் ரோஷத்த மடிச்சு சொக்காப் பையில வெச்சிக்கினு வாடா"ன்னாங்க. போனேன். மோட்டாரைத் தொடறதுக்கு முன்னாடி கால்ல விழுன்னாரு முதலாளி. விழுந்தேன். நாப்பது பேரும் அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கினாங்க. டிரம் ஓடுது.