இன்ச் டேப் மிஸ் போட்ட தோட்டம்

சாந்தோமில் கடல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்து முடித்தவர் இன்ச் டேப் மிஸ். ஓய்வு பெற்ற ஜியாகிரபி டீச்சர். நிஜப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் சீட்டின் அகலத்தை அளப்பார். பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா கூடையை இறக்கும்போதே, "வஞ்சிரம் ஒண்ணரை அடி கீது மிஸ், நானே அளந்துட்டேன்" என்று முந்திக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் மிஸ் வீட்டுக்கு வந்தது. கூடவே, அமெரிக்காவிலிருந்த அவருடைய அக்கா மகள், வீட்டுத் தோட்டம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர் மூன்றை சிடியில் அனுப்பிவைத்தாள். மிஸ்ஸிடம் இருந்தது வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு மணல் தரை. அதில் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, எங்கள் மாடிப்படி. இதற்கு எந்த சாஃப்ட்வேர் பொருத்தம் என்று அவர் பரீட்சை வைத்தார். சிவப்பு மையில் மார்க். ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொட்டிருந்த குற்றத்துக்காக மவுஸ் பிடிக்கும் வேலை எனக்கு.

முதல் சிடி எடுத்த எடுப்பில், உங்கள் ஊரில் எந்த மாதம் பனி உறையும் என்று கேட்டது. மிஸ் கொஞ்சம் யோசித்தார். "டிசம்பர்னு போடு தம்பி. அது மனசு நோகக்கூடாது."

பிறகு முருங்கையைத் தேடினோம். விதவிதமாகப் பைன் மரம் இருந்தது, முருங்கை இல்லை.

"பைனைப் போட்டு மீன் குழம்பு வைக்க முடியுமா? இருபத்திரண்டு மார்க். ஃபெயில்."

இரண்டாவது சிடி அழகி. புல்தரை, அல்லிக்குளம், கல் பெஞ்சு எல்லாம் வரைந்து கொடுத்தது. மிஸ் அதைப் பிரிண்ட் எடுத்தார். பிரிண்டர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. வேலைக்கு வரச் சொல்லியிருந்த கொத்தனார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மிஸ், இதுல மாடிப்படியையே காணோம்? மேல கீறவங்க எப்டி எறங்குவாங்க?"

"அதான் எனக்கும் யோசனை," என்றார் மிஸ், என்னைப் பார்த்தபடி. "இந்தப் படி இப்படியே இருக்க முடியாது."

படி போனால் மாடியில் யார் குடியிருப்பது? மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப குளம் வருது, நாம போறோம். அவ்வளவுதானே?" என்றாள் அவள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மந்தைவெளி, கோட்டூர்புரம் என்று வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர், குழந்தை ராத்திரியில் அழுமா என்று விசாரித்தார். இன்னும் பிறக்கவில்லை, பிறந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வீடும் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு காலை வெளியே கிளம்பினால், மிஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டிருந்தார்.

"எங்க தம்பி வாரா வாரம் கிளம்பிடறே?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மிஸ் என்னைப் பரீட்சையில் பிட் அடித்தவனைப் போலப் பார்த்தார்.

"உன்னை யாரு காலி பண்ணச் சொன்னா? படி ஒவ்வொண்ணும் ஒன்பது இன்ச். உன் மிஸஸ் ஏறும்போது நடுவுல நின்னு மூச்சு வாங்கறா, நான் தினம் பார்க்கறேன். ஆறு இன்ச்தான் இருக்கணும். அழகா இருந்து என்ன, ரெண்டாவது சிடிக்குப் படி வரையவே தெரியல. மூணாவதை நானே போட்டுப் பார்த்தேன், அது வரையுது. உயரத்தைக் கூட்டுது, கொறைக்குது, கைப்பிடி கூட வைக்குது. தொண்ணூறு மார்க்."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னபோது சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படி தாழ்ந்தால் எண்ணிக்கை கூடும், நீளமும் கூடும். புதுப் படி வளைந்து இறங்கி, புல்தரையையும் குளத்தையும் பெஞ்சையும் விழுங்கிவிட்டது. வேலை முடிகிறவரை நாங்கள் குடித்தனம் நடத்தியது மிஸ்ஸின் ஹாலில். ஒரு மாதப் பரீட்சைக்குப் பிறகு மிஸ் போட்ட தோட்டத்தில் புதிதாக இருந்தது ஒரு மாடிப்படியும் இரண்டு துளசித் தொட்டியும்தான்.

ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தோம். அடையாறில் சொந்த ஃபிளாட் வாங்கியபோது ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மிஸ்ஸிடம் சொல்ல மட்டும் எனக்கு மூன்று வாரம் வாய் வரவில்லை.