பரணில் மூன்று பரிசுகள்

இந்த வருஷம் என் தங்கை மகளுக்கு நானே பரிசு வாங்கி, நானே பேப்பர் சுற்றி, என் கையாலேயே கொடுப்பது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் பரண். தலையில் ஒட்டடை, மூக்கில் தூசி, மடியில் மூன்று பெட்டிகள்.

சமையலறையில் தண்ணீர் ஒழுகுகிறதே, பைப்பைப் பார்ப்போம் என்று ஏறியவன் நான். பழைய போர்வைக்குப் பின்னால் அவை உட்கார்ந்திருந்தன. மூன்றும் அவளுக்காக நான் வாங்கியவை. பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு வாங்கிய டார்ச். கைப்பிடியைச் சுற்றினால் எரியும், பொத்தானை அழுத்தினால் சைரன் ஊதும். பதினாலாவதுக்கு முதலுதவிப் பெட்டி. பதினைந்தாவதுக்கு யானை தொங்கினாலும் அறாத கயிற்று ஏணி. எல்லாம் என் வீட்டிலேயே பத்திரமாக இருந்தன. அப்படியானால் மூன்று வருஷமாக அந்தப் பெண் எனக்குப் போன் செய்து நன்றி சொன்னது எதற்காக?

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஏற்ற இறக்கம்தான் என் பிழைப்பு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இருட்டில் அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த உலகமே ஒருநாள் அப்படித்தான் நின்றுபோகும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது. தங்கை மகள்தான் எல்லாம். நின்றுபோகப் போகிற உலகத்தில் அவளை வெறுங்கையோடு எப்படி விடுவது? அதனால்தான் ஊரில் எல்லாரும் வாங்குகிற மாதிரி வாங்காமல், அர்த்தமுள்ள பரிசாகத் தேடித் தேடி வாங்கினேன்.

என் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. நாள் முழுக்க மாத்திரை. வீட்டுக்கு வந்தும் மாத்துற வேலைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இது என்ன?" என்று டார்ச்சை நீட்டினேன்.

"டார்ச்." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"இது அவகிட்ட இல்ல இருக்கணும்?"

"இருந்திருக்கும். நான்தான் அந்தப் பொண்ணக் காப்பாத்தினேன்."

"எதுல இருந்து?"

"உங்ககிட்ட இருந்து."

"மூணு வருஷமா மாத்தியிருக்கே."

"பேப்பர மாத்தலையே. அது நீங்க வாங்கினதுதான்."

"அப்ப அவளுக்கு என்னதான் குடுத்தே?"

"முத வருஷம் படம் வரையற பேனா. அப்புறம் ஹெட்போன். போன வருஷம் கறுப்பு பூட்ஸ், கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டறது. அதுக்காக எத்தன மாசம் ஏங்கிட்டு இருந்தா தெரியுமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

"கேட்டுக் குடுத்தா அது பரிசு இல்ல. ஆர்டர்."

"கேக்காம குடுத்தா தண்டனை."

"நான் குடுத்தது ஒவ்வொண்ணுலயும் ஒரு அர்த்தம் இருக்கு."

"அர்த்தமெல்லாம் நிறைய இருக்குங்க. பரிசுதான் இல்ல." அவள் வெங்காயத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக இல்லை என்பது தெளிவாகவே தெரிந்தது.

அப்போதுதான் பழைய போன் பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதலுதவிப் பெட்டி வருஷம், "அவசரத்துக்கு உதவுதாம்மா?" என்று கேட்டேன். "ஆமா மாமா. வீட்ல சண்ட ஆரம்பிச்சா உடனே எடுத்துக் காதுல வெச்சுக்குவேன்" என்றாள். பஞ்சை வைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கயிற்று ஏணி வருஷம், "கெட்டியா இருக்கா?" என்றேன். "செமயா இருக்கு மாமா. அதப் போட்டுக்கிட்டுத்தான் மாடிப்படியே ஏறி இறங்கறேன்" என்றாள். மாடிப்படி இருக்கும்போது ஏணி எதற்கு என்று லேசாக இடித்தது. பயிற்சி எடுக்கிறாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, அன்றைக்கு முழுக்கப் பூரித்துப்போய்த் திரிந்தேன்.

எனக்கு வருகிற போனெல்லாம் "சார், லிஃப்ட் நின்னுபோச்சு" என்றுதான் ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நல்ல போன் அது ஒன்றுதான். அந்த அன்பும் எனக்கு வந்ததல்ல, பூட்ஸுக்கு வந்தது என்று தெரிந்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஒட்டடை கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

இதில் இன்னொரு கொடுமை. தங்கை வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. பிறந்தநாள் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்கிறார்கள். போகிற ஊர் தூரம். இனி வாழ்த்து போனில்தான், பரிசு பார்சலில்தான். அவள் கையில் நான் நேராகக் கொடுக்கப் போகிற கடைசிப் பரிசு இதுதான். ஒரே ஒரு தடவையாவது நான் வாங்கியதைப் பார்த்து அவள் முகம் மலர வேண்டும். அது நடக்காவிட்டால் என் தங்கை மகள் என்னைத் தெரிந்துகொள்ளாமலே போய்விடுவாள்.

"இந்தத் தடவ நான்தான் வாங்குவேன்" என்றேன்.

"வாங்குங்க."

"நீ தொடக் கூடாது."

"தொடல."

"சத்தியமா?"

"உங்க டார்ச் மேல சத்தியம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவி எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யோசித்து யோசித்து, தீயணைப்புச் சாமான் விற்கிற கடைக்குப் போய்ப் புகை அலாரம் ஒன்று கேட்டேன். கூரையில் மாட்டுவது, துளி புகை வந்தாலும் போதும், தெருவே எழுந்து உட்காரும்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"பதினாறு வயசுப் பொண்ணுக்கு. பிறந்தநாள்."

"ஃபேக்டரி வெச்சிருக்காங்களா?"

"இல்ல. படிக்கிறா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாத்தணும்னா ஒரு வாரத்துக்குள்ள வந்துடுங்க" என்றார். மாத்துவது என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேலை பார்க்கிற கட்டடத்து மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை இருக்கிறது. அங்கேயே மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து பேப்பர் சுற்றினேன். ஒட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு வேளை தோறும் மேலே போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மேலதிகாரி என்னுடைய பொறுப்புணர்ச்சியைப் பாராட்டினார்.

வீட்டில் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறந்தநாள் அன்று, "கிளம்பலையா?" என்றேன்.

"நான் எதுக்கு? வந்தா வழியில மாத்திட்டேம்பீங்க. நீங்களே போய்க் குடுங்க. அவ என்ன சொல்றான்னு மட்டும் நல்லாக் கேட்டுட்டு வாங்க."

இவள் இவ்வளவு நல்லவளாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

தங்கை வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கேக்கை ஒரு பெட்டி மேல் வைத்து வெட்டினார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, பிரிவைப் பற்றிப் பெருமூச்சு விட்டுவிட்டுக் கலைந்தார்கள். அவள் கறுப்புச் சட்டையும் அந்த பூட்ஸுமாக ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாள். பெட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

"அப்புறமா பிரிச்சுக்கறேன் மாமா. எப்பவும் எல்லாரும் போனப்புறம்தான பிரிப்பேன்."

"இல்லம்மா. இப்பவே பிரி. நான் பாக்கணும்."

அவள் முகம் மலர்ந்தது. ஆசையாகப் பேப்பரைக் கிழிக்க ஆரம்பித்தாள். என் கையெழுத்து ஒவ்வொன்றாகக் கிழிந்தது. அந்த ஆசையைப் பார்த்த நொடியில் என் வைராக்கியம் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரி எப்படியாவது மாத்தியிருக்க வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இருந்தாலும் என் மனைவி கெட்டிக்காரி.

மாத்தவில்லை. வெள்ளையாக, வட்டமாக, என்னுடைய பரிசேதான் வெளியே வந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினாள்.

"புகை வந்தா கத்தும்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "புது வீட்ல உன் ரூம்ல மாட்டிக்கோ. மாமா பக்கத்துல இல்லன்னாலும் தலைக்கு மேல ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஒரு தைரியம்."

தங்கை சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது. எனக்கும்தான். இதற்குத்தானே இத்தனை பாடு என்று நினைத்தேன். அவள் எழுந்து பக்கத்தில் வந்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"மறைக்காம சொல்லுங்க மாமா. அத்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"