சாமி செலவு நாற்பத்தெட்டு ரூபாய்

கீழமருதூர்,
வலங்கைமான் வழி,
3-4-1974.

அன்பு மைத்துனர் துரைராசு அவர்களுக்கு வைரக்கண்ணு எழுதிக்கொண்டது. எவருடைய கிருபையும் இன்றி, சொந்த முயற்சியில், இவ்விடம் நானும் உங்கள் அக்காள் சாவித்திரியும் பிள்ளைகளும் நலம். சென்னையில் நீங்களும் தங்கச்சியும் அவ்வாறே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. பொங்கலுக்கு வந்திருந்தபோது, தங்கையன் மேல் வழக்குப் போட வக்கீல் பீசு முந்நூறு ரூபாய்க்கு என்ன வழி என்று உங்களைக் கேட்டேன். கேட்டது கடன். நீங்கள் கொடுத்தது ஒரு தாள். "கடன் எதுக்கு மச்சான், பட்ஜெட் போடுங்க, மளிகையிலயே மாசம் நாப்பது அம்பது மிச்சம் புடிக்கலாம்" என்று சொல்லி, உங்கள் ஆபீசில் டைப் அடித்த தாளை என் கையில் திணித்துவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். அந்தத் தாளால் இந்த வீட்டில் நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தங்கையன் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. என் ஒரு வேலி நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவன், போன வருஷம் நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய்க் குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதிந்துகொண்டு வந்து நின்றான். "நீங்கதானங்க மேடையில சொன்னீங்க, உழுகுறவன் பேரு ஏட்டுல ஏறணும்னு" என்கிறான். ஆமாம், சொன்னேன், அதுவும் மைக் பிடித்துச் சொன்னேன், அதற்காக என் நிலத்திலேயா செய்து காட்டுவது? "இனிமே என் வாசப்படிய மிதிக்காதடா" என்று சொல்லிவிட்டேன். வேறு எதைச் சொன்னாலும் கேட்காத பயல் இதை மட்டும் அப்படியே கேட்டான். குறுவை போயிற்று, சம்பாவும் போயிற்று, அவனும் படி ஏறவில்லை, குத்தகை நெல் ஒரு மணியும் ஏறவில்லை. அதற்குத்தான் வழக்கு, அதற்குத்தான் வக்கீல், அதற்குத்தான் பட்ஜெட்.

உங்கள் தாளில் முதல் வரியே 'அரிசி' என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பட்டணத்தில் நீங்கள் பை தூக்கிக்கொண்டு அரிசி வாங்கலாம், அது உங்கள் தலையெழுத்து, ஒரு வேலி நிலக்காரன் வீட்டில் 'அரிசி, விலை இன்னது' என்று எழுதி வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அந்த வரியைப் பட்டையாக அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் என் ஞாபகத்திலிருந்தே விலை போட்டு எழுதினேன். துவரம் பருப்பு எண்பது காசு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் துல்லியமாக எழுதினேன், எங்கள் கல்யாண வருஷம் நானே கடைக்குப் போய் வாங்கியதால் எனக்கு எல்லா விலையும் அத்துப்படி. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பட்ஜெட்படி குடும்பம் நடந்தது. ஆனால் ஒரு காசு மிஞ்சவில்லை. என்னடா இது என்று போன வாரம் உங்கள் அக்காள் எழுதி வைத்த சிட்டையை வாங்கிப் பார்த்தால், அடியில் ஒரு வரி: 'சாமி செலவு, ரூ. 48.'

நீங்களே சொல்லுங்கள் மாப்பிள்ளை, இருபது வருஷமாகப் பகுத்தறிவு பேசுகிறவன் வீட்டில் மாதம் நாற்பத்தெட்டு ரூபாய் சாமிக்கா? இருப்பதே ஒரே ஒரு முருகன், அதுவும் ஜவுளிக்கடைக் காலண்டரில், அவரும் இரண்டு வருஷமாக அதே டிசம்பர் மாதத்தில் நிற்கிறார். சாவித்திரியை உட்கார வைத்து, மனிதன் ஏன் கடவுளைப் படைத்தான் என்பதிலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "இனி சாமிக்கு மாசம் ரெண்டு ரூபா" என்று தீர்ப்புச் சொன்னேன். "சரிங்க, சாமிக்கு அது போதும்னா எனக்கும் போதும்" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒரு பெண் தெளிவடைவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் இலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. உடம்புக்கு நல்லது என்று சாப்பிட்டேன். அதற்கு மறுநாளும் கிழங்கு. மூன்றாம் நாள், "என்ன சாவித்திரி, சோறு எங்க?" என்றேன். "சாமி செலவ நிறுத்திட்டீங்கள்ல, சாமி அரிசி குடுக்கல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடநம்பிக்கை எப்படிப் புத்தியைக் கெடுக்கிறது பார் என்று சொல்லி, பத்தாயத்தில் நெல் இருக்கிறதை நானே காட்டுகிறேன் என்று போய்த் திறந்தேன். உள்ளே ஒரு பூனை நாலு குட்டி போட்டுக்கொண்டு என்னை முறைத்தது. நெல்லென்று பேருக்கு ஒரு மணி இல்லை.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள். ஐப்பசியிலிருந்தே பத்தாயம் காலியாம். வாரத்துக்கு இரண்டு மரக்கால் அரிசி கொல்லைப்புறமாக வருகிறதாம். யாரிடமிருந்து? தங்கையன் பெண்டாட்டி அம்சத்திடமிருந்து! அரிசி என்று எழுதினால் நான் குதிப்பேன் என்று சாமி பேரில் எழுதினாளாம். ஐயோ, மானமே போயிற்று மாப்பிள்ளை! என் நிலத்தில் விளைந்ததை, என் மேல் ஏறி மிதிக்கிறவன் வீட்டில், நானே காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறேன். அதுவும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டு அவனைத் திட்டியிருக்கிறேன்.

"அப்ப நீங்களே கடையில போயி வாங்கிட்டு வாங்க" என்றாள். ரோஷத்தோடு பையை எடுத்துக்கொண்டு வலங்கைமான் போனேன். அல்லா பிச்சை ராவுத்தர் கடையில் என் நேரம், நம் கட்சிக்காரர் தியாகேசன் நின்றுகொண்டிருக்கிறார். "வாங்க வாங்க, என்னங்க வேணும்?" என்று ராவுத்தர் கேட்க, அரிசி என்ற சொல் தொண்டையை விட்டு வரவே இல்லை. "பெருங்காயம்" என்றேன். "அப்புறம்?" என்றார். "பாச்சை உருண்டை" என்றேன். "இவ்வளவு பெரிய பையா?" என்று தியாகேசன் கேட்டதற்கு ஒரு விளக்குமாறும் வாங்கிப் பைக்குள் செருகிக்கொண்டு வீடு வந்தேன். அன்றைக்கும் கிழங்குதான்.

ஆகவே தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பட்ஜெட்டில் 'சாமி செலவு ரூ. 48' என்பதை என் கையாலேயே மறுபடி எழுதிவிட்டேன். நேற்றிலிருந்து சோறு வருகிறது. ஆனால் வழக்கில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டு போகமாக ஒரு மணி குத்தகை தராத அந்தத் தங்கையனைக் கூண்டில் ஏற்றாமல் ஓய மாட்டேன். நீங்கள் அங்கே நல்ல வக்கீலாகப் பார்த்துப் பேசி, அந்த முந்நூறையும் தற்சமயம் நீங்களே கட்டிவிடவும். தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகள் படித்து முன்னேறி நல்லபடி வர வேண்டும், அதற்கு வேண்டிய வாழ்த்து இவ்விடம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கீ. வைரக்கண்ணு.

பின் குறிப்பு: வக்கீலைப் பார்க்க வேண்டாம். கவரை ஒட்ட நாலு பருக்கை கேட்டேன், உங்கள் அக்காள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். அம்சம் ஒரு காசு வாங்கவில்லையாம். வந்தது அத்தனையும் குத்தகைக் கணக்கில் வந்த அரிசியாம். "வாசப்படிய மிதிக்காதன்னுதான சொன்னீங்க, கொல்லப்படியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்கிறாள். ஒவ்வொரு வாரமும் பெற்றுக்கொண்டேன் என்று தங்கையன் நோட்டில் கையெழுத்து வேறு போட்டிருக்கிறாள், கோர்ட்டுக்குப் போனால் அவன் பக்கத்து முதல் சாட்சி உங்கள் அக்காள்தான். அப்படியானால் மூன்று நாள் கிழங்கு ஏன் என்றேன். "அரிசிய நான்தான் வாங்கல, உங்களுக்குக் கணக்கு புரியட்டும்னு" என்றாள். சரி, அந்த நாற்பத்தெட்டு ரூபாய் எங்கே? "எம்பது காசுக்குத் துவரம் பருப்பு எந்தக் கடையிலங்க விக்கிறான்? நீங்க எழுதுன விலைக்கும் கடைக்காரன் சொல்ற விலைக்கும் நடுவுல இருக்கறதுதான் அந்த நாப்பத்தெட்டு" என்றாள்.

மீதிக் குத்தகை நெல் தங்கையன் வீட்டில் மூட்டையாக அடுக்கி இருக்கிறதாம். அதற்கு மட்டும் நான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். இப்போதுதான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவன் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் போனேன். தங்கையன் எழுந்து நின்று, துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாசல் வழியாவே வரலாமேங்க" என்றான்.