மாப்பிள்ளை திருத்திய சைன் கணக்கு

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எல்லாம் தெரியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். (அதற்கும் அவன் அறிவுக்கும் சம்பந்தமில்லை.) எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமான புதிதில், அந்த வழக்கத்தை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பையே கெடுக்கப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான் ராஜபாளையத்தில் நூல் கடை வைத்திருந்த பி.காம். மாமனார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளிக்கிழமை விருந்தில் பிரியாணி முடிந்ததும், துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கால்குலேட்டரை எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே எடுத்தேன். ஏகப்பட்ட பொத்தான்கள். கூட்டல் கழித்தலைத் தவிர நான் எதையும் தொட்டதில்லை. (இது அவர்களுக்குத் தெரியாது.)

மனைவியின் தங்கை ஜரீனா பிளஸ் ஒன் படித்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சை. பாஸானால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று மாமனார் சொல்லியிருந்தார். அவள் பாட்டுக்கு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வலியப் போய் நோட்டை வாங்கினேன்.

பை (π) என்ற எண்ணை ஆறால் வகுத்து, அதற்கு சைன் என்ன என்பது கேள்வி. அரை என்று எழுதியிருந்தாள். நான் 3.14-ஐ ஆறால் வகுத்து, சைன் பொத்தானை அமுக்கினேன். 0.0091 என்று வந்தது.

"தப்பு," என்றேன்.

"இல்ல மச்சான், இது ரேடியன். பைன்னா நூத்தியெம்பது டிகிரின்னு டீச்சர் சொன்னாக. ஆறால வகுத்தா முப்பது. அதுக்கு அரைதான் வரும்."

"அது உள்ளூர்க் கணக்கு. இது ஜப்பான் மிஷினு."

அடுப்படியிலிருந்து மாமி குரல் கொடுத்தார்கள். "ஏட்டி, மாப்பிள்ளைய எதுத்துப் பேசாத. அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஜரீனா அரையை அடித்துவிட்டு 0.0091 என்று எழுதினாள். அத்தோடு விட்டேனா? காஸ், டேன் என்று பக்கம் முழுக்கத் திருத்தினேன். பரீட்சைக்கு மிஷின் கொண்டுபோக முடியாதே என்றாள். மனப்பாடம் பண்ணு என்றேன்.

அந்த வாரம் கடைக்கு வந்த பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது டிகிரில கெடக்கு. ரேடியன் கணக்குக்கு மாத்திட்டுல்ல போடணும்," என்றான். மேல் மூலையில் டி.ஈ.ஜி. என்று பொடியாக மூன்று எழுத்து இருந்தது. நான் அதைக் கம்பெனி பேர் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணக்கு பரீட்சையில் வந்திருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளியும் விருந்து. "பெயிலு. படிச்சது போதும்," என்றார் மாமனார். ஜரீனா என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாமா, அவ சரியாத்தான் போட்டிருந்தா. நான்தான் கெடுத்தேன்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். கறிச்சட்டியோடு வந்த மாமி அப்படியே நின்றுவிட்டார்கள்.

மாமனார் கால்குலேட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, பிள்ள படிக்கட்டும்," என்றார். கால்குலேட்டரை என் கையில் திருப்பிக் கொடுத்து, "மாப்பிள்ளை, நீங்க இனிமே சாப்பிட மட்டும் வாங்க."

ஜரீனா இப்போது கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் எதையாவது அடித்துப் பேசினால், "மச்சான், ரேடியனுக்கு மாத்திட்டீகளா?" என்று கேட்பாள். என் மகள் பிளஸ் டூ படித்தபோது, கணக்கில் சந்தேகம் வந்தால் என் கடையைத் தாண்டிப் போய், சின்னம்மாவிடம் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவாள். டிக்கெட்டுக்கு மட்டும் என்னிடம் வாங்கிக்கொள்வாள்.